கண்ணை நம்பாத டீமேக்கர்

எங்கள் எஸ்டேட்டில் ஒரு டீமேக்கர் இருந்தார். பச்சைக் கொழுந்து ஃபேக்டரிக்குள் நுழைந்து தூளாக வெளியே வருகிறவரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆளுக்கு அதுதான் பட்டம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். கட்டிய மனைவியே "ஏனுங்க டீமேக்கரே" என்று கூப்பிடும்போது, மற்றவர்களுக்கு அந்தப் பெயர் எதற்கு என்று யாரும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

மனிதருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால், முற்றத்தில் நின்றபடியே ஃபோனை எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "பெய்யுதாமுங்க" என்பார். சொல்லும்போது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

பிறவியிலேயே அவர் இப்படி இல்லை என்பார்கள். ஃபேக்டரிக்குக் கலர் சார்ட்டர் வந்த பிறகுதான் தொற்றியதாம். கலர் சார்ட்டர் என்பது ஆள் உயர இரும்புப் பெட்டி. மேலே தேயிலைத் தூளைக் கொட்டினால், உள்ளே இருக்கிற கேமரா ஒவ்வொரு துணுக்கையும் பார்த்து, குச்சியையும் நாரையும் மட்டும் காற்றால் ஊதித் தள்ளிவிடும். அதற்கு முன்னால் அந்த வேலையைச் சில பெண்கள் கீழே உட்கார்ந்து கையால் செய்துகொண்டிருந்தார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. பெட்டி வந்த அன்றைக்கே அவர்களை மரியாதையாகக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள்.

"மனுசக் கண்ணு மத்தியானச் சோத்துக்கப்புறம் சொக்குமுங்க. கேமராவுக்குச் சோறும் கிடையாது, சொக்கும் கிடையாது" என்று அம்மாவுக்கு ஆறுதல் வேறு சொன்னாராம். ஆறுதல் சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு கைராசி.

ஆயுத பூஜைக்கு மற்ற மெஷின்களுக்கெல்லாம் ஒரு பொட்டு. கலர் சார்ட்டருக்கு மட்டும் முழு மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கண்ணைத் திறந்து வைத்திருந்து என்ன பிரயோஜனம் என்று நினைத்திருக்கலாம்.

பிறகு தேயிலைக்கு அந்தக் கெட்ட காலம் வந்தது. கொழுந்து விலை இறங்கியது, இன்னும் இறங்கியது. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி பாதி மலையைக் கவாத்து வெட்டாமல் அப்படியே விட்டது. இடுப்பளவில் நிற்கவேண்டிய செடிகள் மரங்களாகி, நடுவில் காட்டெருமை நின்றாலும் தெரியாது என்றாயிற்று. ஃபேக்டரி முதலில் விட்டுவிட்டு ஓடியது, அப்புறம் நின்றே போனது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. பூட்டியவர்கள் எல்லோரும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, அங்கிருந்து திருப்பூருக்குப் போனார்கள். என் அப்பா முன்னாலேயே போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தார்.

டீமேக்கரை மட்டும் கம்பெனி அனுப்பவில்லை. மெஷின்களை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா. தேயிலை இல்லாத டீமேக்கருக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது, கையில் ஃபோன் இருந்தது. அதில் ஒரு செயலியைக் கண்டுபிடித்தார்.

ஆள் ஓடுவதையோ குதிப்பதையோ படமெடுத்தால், அந்தச் செயலி மூட்டுக்கு மூட்டு பச்சைப் புள்ளி வைக்கும். புள்ளிகளைக் கோடு இழுத்துச் சேர்க்கும். எங்கே கோணல், எங்கே தப்பு என்று சிவப்பில் காட்டும். விளையாட்டு வீரர்களுக்காக யாரோ எங்கேயோ செய்தது. "செயற்கை நுண்ணறிவுங்க" என்று அவர் பெருமையாகச் சொல்வார். லயத்தில் அதற்கு எலும்புக்கூட்டுப் படம் என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் மாட்டியது, மிச்சமிருந்த பையன்களின் எஸ்டேட் வாலிபால் டீம். எங்கள் ஊரில் கிரவுண்டு என்பது, பந்தை வைத்தால் மெதுவாக உருளும் இடம். வேகமாக உருண்டால் அது தோட்டம். பிறந்ததிலிருந்து சரிவிலேயே நிற்பவர்களுக்கு அந்தக் கிரவுண்டு சமமாகத்தான் தெரியும். டீமேக்கரும் கிரவுண்டு சமம் என்றே வைத்துக்கொண்டு, திரையில் தரை நேராகத் தெரிகிறவரை ஸ்டாண்டைச் சாய்த்துக் கேமராவை மாட்டினார். படத்தைப் பார்த்த செயலி, மொத்த டீமும் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று சிவப்பாகச் சொல்லிவிட்டது.

அவ்வளவுதான். ஒரு சீசன் முழுக்க அத்தனை பையன்களையும் வலது பக்கம் சாய்ந்து ஆடவைத்தார். கோத்தகிரி டோர்னமென்டில் அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்கள், ராத்திரி எல்லோரும் ஒரே பாயில் படுத்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டதா என்று விசாரித்தார்கள். முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு வந்தாயிற்று.

அவர் மனைவிதான் ஒருநாள் அந்தப் படத்தை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பசங்களுக்குப் பின்னாடி நம்ம ஃபேக்டரி சிமினியும் சாஞ்சு நிக்குதே. அதுக்கும் பயிற்சி குடுக்கப் போறீங்களா?"

டீமேக்கர் திரையை உற்றுப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். "சிமினி கட்டுன கொத்தனாரு சரியில்ல" என்றார்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. கம்பெனிக்கு ஆதாரத்தோடு சொல்லவேண்டும் என்று, மறுநாள் காலையில் ஃபேக்டரி எதிரே நின்று சிமினியைப் படமெடுத்தார். அந்தப் படத்தில் குறுக்கே போனவள்தான் நான்.

அப்போது நான் பிளஸ் டூ முடித்து, கோத்தகிரியில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதே வழியாக, அவர் மூக்குக்கு முன்னால், "வணக்கம் சார்" என்று சொல்லியபடி, பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே விறுவிறுவென்று போயிருக்கிறேன். அவர் என்னைக் கவனித்ததே இல்லை. படத்தில் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். அன்று சாயங்காலமே மனைவியை அழைத்துக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அம்மிணி, உன்ர நடையப் பாரு. முழுப் பச்சை. ஒரு சிவப்பில்ல."

திரையில் ஒரு எலும்புக்கூடு கைப்பையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தது. என் அம்மா பதறிப்போய், "எம்புள்ளைக்கு ஏதும் நோவுங்களா டீமேக்கரய்யா?" என்றாள். சிலோன் எஸ்டேட்டில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவள் அவள். எதற்கும் முதலில் பயந்துவைத்துக்கொள்வாள்.

அவர் விளக்கினார். நடைப்போட்டி என்று ஒன்று இருக்கிறதாம். ஓடக்கூடாது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் பட்டபடியே இருக்கவேண்டும். வழி நெடுக நடுவர்கள் நின்று காலையே பார்ப்பார்கள். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டது போல் சந்தேகம் வந்தால் மஞ்சள் தட்டைத் தூக்கிக் காட்டி எச்சரிப்பார்கள். உறுதியாகத் தெரிந்தால் சிவப்புச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் ஏறியது. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி, மண்டலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பிள்ளைக்கு சீட்டும் ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசமாகக் கொடுக்கிறது. பிளஸ் டூ முடித்த இரண்டு வருடத்துக்குள் வந்தால் சரி.

அந்தத் தைக்குப் பிறகு நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போவதாகத்தான் பேச்சு. பனியன் கம்பெனியில் உட்கார்ந்துவிட்டால் அத்தோடு என் படிப்பு முடிந்தது என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா டீமேக்கர் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "ஒங்க வூட்டம்மாவும் நானும் கூடவே குந்தியிருப்போம். அப்பிடின்னா படம் புடிங்க" என்றாள்.

இப்படியாக எங்கள் பயிற்சி தொடங்கியது. ஃபேக்டரி வாசலில் லாரி நிற்கிற இடம்தான் எஸ்டேட்டிலேயே கொஞ்சம் சமமான தரை. அங்கே நான் வட்டமடிப்பேன். கல்லின்மேல் அம்மாவும், நான் அக்கா என்று கூப்பிடுகிற டீமேக்கர் மனைவியும் சால்வையைப் போர்த்திக்கொண்டு காவல். டீமேக்கர் எனக்கு முதுகைக் காட்டி நின்று, ஸ்டாண்டில் இருக்கிற ஃபோனிலிருந்து கையிலிருக்கிற இன்னொரு ஃபோனுக்கு வரும் என்னைப் பார்ப்பார். திரும்பினால் நேரிலேயே தெரிவேன் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒருமுறை கால் பிசகி விழுந்து, "சார்" என்று கத்தினேன். அவர் திரையைப் பார்த்தபடியே, "ஆமா அம்மிணி, விழுந்திருக்கறே" என்று உறுதிப்படுத்தினார்.

என்றாலும் நடந்து முடிக்கிற நேரம் நன்றாகத்தான் குறைந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சுபம். அவர் எங்கே விட்டார்! ஒருநாள் படத்தை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து வந்தார்.

"அம்மிணி, நீ பறக்கறே."

ஒவ்வோர் எட்டிலும் ஒரு நொடியின் ஏதோ ஒரு துணுக்கில் என் இரண்டு காலும் தரையில் இல்லை. படத்தை நிறுத்தி, விரலால் விரித்து, பெரிதாக்கிக் காட்டினார். செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. அக்கா எட்டிப் பார்த்து, "எனக்கொண்ணும் தெரியலீங்க" என்றார்.

"மனுசக் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் கேமரா."

"தெரியாததுக்கு யாருங்க சீட்டெழுதப் போறாங்க?"

"இது கலப்படம்" என்றார் டீமேக்கர். குரலே மாறிவிட்டது. "என்ர ஃபேக்டரியிலிருந்து ஒரு சிட்டிகை கலப்படம் வெளிய போனதில்ல. என்ர கையால பயிற்சி குடுத்த நடையிலயும் போகாது."

தேயிலைத் தூளிலிருந்து நாரை எடுப்பது போல என் நடையிலிருந்து பறத்தலை எடுக்கத் தொடங்கினார். எட்டைச் சுருக்கச் சொன்னார். குதிகாலை அழுத்தச் சொன்னார். மாதக்கணக்கில் அதே வேலை. கடைசியில் திரையில் ஒரு சொட்டுச் சிவப்பில்லாமல், தலையிலிருந்து கால்வரை பச்சையாக, பசுந்தளிர் மாதிரி ஆனேன். என்ன, நடை மட்டும் மெதுவாகிவிட்டது. நேரம் கூடுகிறதே என்று அம்மா கேட்டாள்.

"சுத்தமா இருக்குதுங்களே" என்றார்.

"மத்த புள்ளைக எல்லாம் பறந்தா, இவளும் அவுகளோட பறந்துட்டுப் போறா, ஒங்களுக்கு என்னாங்க" என்றாள் என் அம்மா. அவள் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும். கையால் நார் பொறுக்கியவள் பேச்சு யார் காதில் விழும்.

போட்டி கோயமுத்தூரில் நடந்தது. வெயில் அப்படி இருந்தது. டீமேக்கர் ஸ்வெட்டரைக் கழற்றாமல், வேலிக்கு வெளியே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சுத்தமாக நடந்தேன். ஒரு நடுவர்கூட மஞ்சள் தட்டைத் தொடவில்லை. என்னைவிடச் சுத்தமாக அன்றைக்கு யாரும் நடக்கவில்லை என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நான்காவதாக வந்தேன்.

மூன்றாவது வந்த பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம் இருக்கும். மூச்சு வாங்கக்கூட முடியாமல் புல்லில் கிடந்தேன். டீமேக்கர் என்னைத் தாண்டி ஓடினார். தலைமை நடுவரிடம் ஃபோனை நீட்டினார். நரைத்த தலையோடு, பொறுமையான அம்மா அவர்.

"பாருங்க மேடம். ஃபர்ஸ்ட்டு, செகண்டு, தேர்டு, மூணு பேருமே காத்துல நிக்கறாங்க. அத்தனையும் கலப்படம்."

அந்த அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. "சார், வெறும் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் தப்புன்னு ரூல் புத்தகத்திலேயே போட்டிருக்கு. கேமராவெல்லாம் கணக்கில்ல."

"கண்ணுக்குத் தெரியலீன்னா?"

"தெரியலேன்னா தப்பே இல்ல சார்."

அவர் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உலகத்தில் எத்தனையோ விளையாட்டு இருக்கிறது. அத்தனையையும் விட்டு, கண்ணைத் தவிர வேறெதையும் நம்பாத ஒரே விளையாட்டைத் தேடிப்பிடித்து என்னை அதில் இறக்கியிருந்தார். ரூல் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. செயலி இருக்கும்போது புத்தகம் எதற்கு.

மலையேறுகிற பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் அழுதேன். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, மூன்று பேர் பறந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்காதான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். இப்போதும் அந்த நாளை நினைத்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.

"இன்னும் ஒரு வருசம் பாப்போம்" என்றாள் அம்மா. அப்பாவிடம் என்ன சொன்னாளோ, திருப்பூர்ப் பயணம் தள்ளிப்போனது. இனிமேல் என்னைப் படமெடுக்க வேண்டாம் என்று டீமேக்கரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். "நான் அந்த ரூலையே மாத்தப்போறேன் அம்மிணி. வெளிய நின்னு பேசுனா மதிக்கமாட்டாங்க. உள்ள போயித்தான் மாத்தோணும்" என்றார். நடைப்போட்டி நடுவருக்கான பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டார்.

நான் அந்த வருடம் முழுக்க என் பாட்டில் நடந்தேன். சுருக்கிய எட்டை நீட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வேகம் திரும்பி வந்தது. பறத்தலும் கூடவே வந்திருக்கும். யார் பார்த்தார்கள்.

அங்கே அவருக்கு நடுவர் பயிற்சியில் முதல் நாளே ஃபோனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்களாம். நாள் முழுக்க வெறும் கண்ணால் காலையே பார்க்கவேண்டும். பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய அந்த வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். "என்னமோ ஆயிப்போச்சு. என்ர மூஞ்சிய நேராப் பாத்துப் பேசறாரு. எனக்கே வெக்கமா இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். டீமேக்கர் பரீட்சையில் பாஸாகிவிட்டார். ரூல் மட்டும் மாறவில்லை.

மறுவருடப் போட்டி எனக்குக் கடைசி வாய்ப்பு. போய்ப் பார்த்தால், தூரத்து வளைவில் வெள்ளைச் சட்டை, தொப்பி, புதிதாகப் போட்ட மூக்குக் கண்ணாடியோடு டீமேக்கர் நிற்கிறார். "நம்ம எஸ்டேட்டுப் பொண்ணு ஒண்ணு நடக்குதுங்க, நான் நிக்கறது நாயமில்ல" என்று தலைமை நடுவரிடம் போய்ச் சொன்னாராம். ஆள் பற்றாக்குறை. "கண்ணில பட்டத மட்டும் எழுதுங்க சார், போதும்" என்று அந்த அம்மா அனுப்பிவிட்டார்.

பாதி தூரத்தில் எனக்கு முதல் சிவப்புச் சீட்டு விழுந்தது. வழியோரம் வைத்திருந்த பலகையில் என் எண்ணுக்கு நேரே சிவப்புக் குறி வந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு நடுவரிடமிருந்து இரண்டாவது. இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. அப்போது நான் மூன்றாவது இடத்தில் இருந்தேன். நான்காவது பெண்ணின் மூச்சு என் பிடரியில் கேட்டது. வேகத்தைக் குறைத்தால் அவள் தாண்டிவிடுவாள். குறைக்காவிட்டால் பறப்பேன்.

கடைசிச் சுற்றில் அந்தத் தூரத்து வளைவு வந்தது.

அவர் குனிந்து நின்றார். ஒரு கையில் மஞ்சள் தட்டு, இன்னொரு கையில் சிவப்புச் சீட்டும் பேனாவும். என் காலையே பார்த்தார். என் கால் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். எந்த எட்டில், எந்தக் கால் எழும்போது, எத்தனை நூல் இடைவெளி விழும் என்று மாதக்கணக்கில் விரித்து விரித்துப் பார்த்த மனிதர். திருப்பூரும் பனியன் கம்பெனியும் தையல் மெஷின் வரிசையும் கண்ணுக்குள் வந்தன. இந்த ஆளிடமிருந்து எனக்கு விடுதலையே கிடையாதா என்று நினைத்தேன். வேகத்தைக் குறைக்கவில்லை.

அவர் பேனா சீட்டுக்குப் போனது. நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். நான் அவரைக் கடக்கிற அந்தக் கணத்தில் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக மஞ்சள் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

மஞ்சள் என்றால் சந்தேகம். சந்தேகத்துக்கு யாரும் வெளியே போகவேண்டியதில்லை.

மூன்றாவதாக வந்தேன். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் என்னவோ செய்தாள். கல்லூரி மேடம் வந்து பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு போனார். டீமேக்கர் தட்டை ஒப்படைத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களிடம் வருவதா வேண்டாமா என்று தூரத்திலேயே நின்றார். நானே போனேன்.

"பறந்தேனா சார்?"

அவர் என் காலைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "சரியாத் தெரியல அம்மிணி" என்றார்.

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது, என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அக்கா ஃபோனை நீட்டினார். "கடைசிச் சுத்து முழுசும் நான் படம் புடிச்சு வெச்சிருக்கறேனுங்க. மெதுவா ஓட்டிப் பாத்துப் போடுங்க, தெரிஞ்சு போகும்."

அவர் கை பழக்கத்தில் நீண்டது. பாதியில் நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அழிச்சுப்போடு" என்றார்.

"பாக்காமயேங்களா?"

"பாக்காமயேதான்."

அக்கா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் தெரியும்படி ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழித்தார். அன்றைக்கு நான் நடந்தேனா பறந்தேனா என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. ஆடி பிறப்பதற்குள் நான் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டேன்.